மகள் பார்க்கும் படமும் தாய் பார்க்கும் படமும்

கச்சேரி ஆவணப்படம் என்பது, புகழ்பெற்ற பாடகர் அல்லது இசைக்குழுவின் மேடை நிகழ்ச்சிகளையும், மேடைக்கு வெளியே அவர்கள் கழிக்கும் பொழுதுகளையும் மாறி மாறிக் கோத்து, திரையரங்கில் வெளியிடுவதற்காகவே தயாரிக்கப்படும் முழுநீளப் படம். பதின்வயதினரின் அன்புக்குரிய இளைஞர் இசைக்குழுக்களைப் பற்றி இவ்வகையில் பல படங்கள் வந்திருந்தாலும், 2013 ஆகஸ்ட் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வெளியான ‘ஒன் டைரக்ஷன்: திஸ் இஸ் அஸ்’ தனியே எடுத்து ஆராயத் தக்கது. மார்கன் ஸ்பர்லாக் இயக்கிய, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் இந்த முப்பரிமாணப் படம், சுமார் 1 கோடி டாலர் செலவில் உருவாகி, உலகெங்கும் 6 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல் வசூலித்தது. திரையரங்குக்குத் தனியே செல்ல வயது போதாத சிறுமிகள் பலர் இதன் ரசிகைகளாக இருந்ததால், தாயோ தந்தையோ உடன் செல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெற்றோருக்குக் குழுவினரின் பெயர்கள்கூடச் சரியாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இந்தப் படத்தில் மிக உண்மையான பகுதி எதுவென்று கேட்டால், அது பெற்றோருக்கே எளிதில் புலப்படும் பகுதி என்றுதான் சொல்ல வேண்டும். மகள் ஐந்து இளைஞர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அருகில் இருக்கும் தாயின் கண்ணில் படுபவர்கள் அந்த இளைஞர்களைப் பெற்றவர்கள்.

இத்தகைய குழுக்களை ஆங்கிலத்தில் பாய் பேண்ட் என்று அழைப்பது வழக்கம். பள்ளி நண்பர்கள் தாமாகக் கூடி, கிட்டாரும் டிரம்ஸும் வாசித்துப் பழகி, சிறிய அரங்குகளில் பாடி வளரும் குழுவிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது. பெரும்பாலும் ஒரு தயாரிப்பாளரோ இசை நிறுவனமோ, குரலும் தோற்றமும் ஆட்டத் திறனும் உள்ள இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஒருவரையொருவர் முன்பின் அறியாத அவர்களை ஒரே குழுவாக இணைத்து, பாடல்களையும் பயிற்சியையும் விளம்பரத்தையும் தானே ஏற்பாடு செய்கிறது. 1977-இல் புவேர்த்தோ ரீக்கோவில் தொடங்கிய மெனுடோ குழுவில், ஏறத்தாழ 16 வயதை எட்டும் உறுப்பினரை நீக்கிவிட்டு வேறொரு சிறுவனைச் சேர்ப்பது என்ற விதியே இருந்தது. 1984-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரீஸ் ஸ்டார் என்ற தயாரிப்பாளர் திரட்டிய ‘நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக்’, பின்னர் வந்த குழுக்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது.

ஒன் டைரக்ஷன் உருவான விதமும் இந்த மரபைச் சேர்ந்ததே. 2010-இல் பிரிட்டனின் ‘தி எக்ஸ் ஃபாக்டர்’ என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு ஐந்து பேர் தனித்தனியே வந்தனர். ஹாரி ஸ்டைல்ஸ் செஷயர் வட்டாரத்தின் ஹோம்ஸ் சாப்பல் என்ற சிற்றூரையும், லியாம் பெய்ன் உல்வர்ஹாம்ப்டனையும், ஜெயின் மாலிக் பிராட்ஃபோர்டையும், லூயி டாம்லின்சன் டான்காஸ்டரையும், நைல் ஹோரன் அயர்லாந்தின் மல்லிங்காரையும் சேர்ந்தவர்கள். தனிப் பாடகர்களாக அவர்கள் அடுத்த சுற்றுக்குத் தேர்வாகவில்லை; அந்த ஜூலையில் நடுவர்கள் ஐவரையும் ஒரு குழுவாக இணைத்துப் போட்டியில் தொடரச் செய்தனர். அப்போது ஹாரி, லியாம், நைல் ஆகிய மூவருக்கும் 16 வயது, ஜெயினுக்கு 17, லூயிக்கு 18. இவர்களுள் லியாம் 2008-இலேயே, தம் 14-ஆம் வயதில், இதே போட்டிக்கு வந்து, இன்னும் இரண்டு ஆண்டுகள் கழித்து வருமாறு திருப்பி அனுப்பப்பட்டவர். குழு மூன்றாம் இடத்தையே பெற்றது. எனினும் நடுவரும் இசை நிறுவன உரிமையாளருமான சைமன் கவல் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டார். 2012 மார்ச்சில் அவர்களுடைய முதல் ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நேரடியாக முதலிடத்தில் நுழைந்தது; பிரிட்டனைச் சேர்ந்த எந்தக் குழுவின் முதல் ஆல்பமும் அதற்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்றதில்லை.

படத்தின் மேடைக் காட்சிகள் 2013 ஏப்ரலில், ஏறத்தாழ 20,000 பேர் அமரக்கூடிய லண்டன் ஓ-டூ அரங்கில் படமாக்கப்பட்டவை. ரசிகை ஒருத்தி அந்த அரங்கின் மேல் வரிசையில் இடம் பிடித்திருந்தால், பாடுபவரின் முகத்தை அவளால் பெரிய திரையில்தான் பார்த்திருக்க முடியும். ஆவணப்படமோ அவளை மேடையின் மேலேயே கொண்டு நிறுத்துகிறது. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு பிம்பங்களைக் காட்டி ஆழத்தை உணரச் செய்யும் முப்பரிமாண முறையில், பாடகர் கையை நீட்டினால் அது பார்ப்பவளை நோக்கியே நீள்கிறது. பாட்டு முடிந்த மறுகணம் படம் ஒப்பனை அறைக்கும், அங்கிருந்து பேருந்துக்கும், பிறகு வீட்டுக்கும் நகர்கிறது. டிக்கெட் வாங்கி நேரில் போனவர்கூடக் காண முடியாத இந்த இடங்கள்தாம் இத்தகைய படத்தின் பெரிய ஈர்ப்பு.

நேரில் ஒருமுறையும் சந்திக்காத ஒருவரோடு, அவரைத் திரையில் திரும்பத் திரும்பக் காண்பதனாலேயே, நெடுநாள் பழகியது போன்ற நெருக்கம் உண்டாகும் என்பதை 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாக எழுதினர். தொலைக்காட்சி அறிவிப்பாளர் கேமராவைப் பார்த்துப் பேசும்போது, பார்ப்பவர் தம்மோடு பேசுவதாகவே உணர்வதை அவர்கள் கவனித்தனர். இந்த ஒருவழி நெருக்கம் நோயும் அன்று, அறியாமையும் அன்று; மனித முகத்தையும் குரலையும் அறிந்து பழகும் இயல்பிலிருந்தே அது பிறக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், வீட்டின் அன்பிலிருந்து வெளியுலக அன்புக்கு அடியெடுத்து வைக்கும் பெண்ணுக்கு, தன்னிடம் எதையும் கேட்காத, தன்னை மறுத்து ஒதுக்கவும் இயலாத ஓர் இளைஞனின் முகம் பாதுகாப்பான பயிற்சிக் களமாக அமைகிறது. பெற்றோர் பலர் இதைக் கண்டு அஞ்சுவது இயல்பே என்றாலும், தங்கள் பதின்வயதில் தங்களுக்குப் பிடித்த நடிகரின் படத்தைப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு.

இந்த அன்பைப் படம் எள்ளி நகையாடவில்லை என்பது பாராட்டுக்கு உரியது. ஸ்டெஃபான் கோல்ஷ் என்ற நரம்பியல் அறிஞர் ஒரு காட்சியில் தோன்றி, விருப்பமான இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து இன்ப உணர்வைத் தருவதை விளக்கி, கூச்சலிடும் பெண்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடவில்லை, அவர்கள் பெருமகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசுகிறார். இது வெறும் ஆறுதல் பேச்சு அன்று. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டின் உச்சத்தைக் கேட்கும் கணத்தில் மட்டுமன்றி, அந்த உச்சம் வரப்போகிறது என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும் கணங்களிலும் டோபமைன் சுரப்பது தெரியவந்தது. விளக்குகள் அணைந்து, திரை விலகி, முதல் குரல் எழுவதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சில நொடிகளில் பெண்கள் ஏன் அப்படிக் கதறுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது அரிது. ஆயிரக்கணக்கான ஆண்கள் கால்பந்து மைதானத்தில் ஒரே குரலில் கத்தும்போது அதை விளையாட்டு ஆர்வம் என்று மதிக்கும் சமூகம், சிறுமிகள் கத்தும்போது மட்டும் வெறி என்று பெயரிடுவது நியாயமன்று.

இனி, பெற்றோர் கண்ணில் படும் படத்துக்கு வரலாம். மேடைப் பாடல்களுக்கு இடையே, அதிகம் போனால் சில நிமிடங்கள் மட்டுமே நீளும் காட்சிகளில், ஐவரின் தாய் தந்தையர் வந்து போகிறார்கள். லியாமின் தாய் கேரன், குழுவின் பெயரில் பொருள்கள் விற்கும் கடையொன்றில், தம் மகனின் ஆளுயர அட்டை உருவத்தை விலை கொடுத்து வாங்குகிறார். அரங்கில் இருக்கும் சிறுமிகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களில் பலருடைய அறையிலும் அதே போன்ற அட்டை உருவமோ சுவரொட்டியோ இருக்கும். ஆனால் பெற்ற மகனின் உருவத்தை, ரசிகைகள் வாங்கும் அதே கடையில், அதே பணத்தைக் கொடுத்துத் தாய் வாங்க நேர்வதில் ஓர் இழப்பு உண்டு என்பதை, பிள்ளையை வெளியூருக்குப் படிக்கவோ வேலைக்கோ அனுப்பிவிட்டு வெறும் அறையைப் பார்த்த எந்தத் தாயும் உடனே உணர்வார்.

லியாமின் தந்தை ஜெஃப் பெய்ன் பேசும் பகுதி இன்னும் ஆழமானது. மகன் சிறுவனிலிருந்து இளைஞனாக மாறிய ஆண்டுகள் முழுதும் ஊர் ஊராகச் சுற்றுப்பயணத்திலேயே கழிந்துவிட்டதையும், அந்த வயதில் ஒரு தந்தை உடனிருந்து பேச வேண்டியவற்றைப் பேச வாய்ப்பில்லாமல் போனதையும், அந்த நாள்களை இனித் திரும்பப் பெற முடியாது என்பதையும் அவர் கண் கலங்கச் சொல்கிறார். மகனின் வெற்றியில் அவருக்குப் பெருமை இல்லாமல் இல்லை. பெருமையும் ஏக்கமும் ஒரே குரலில் ஒலிப்பதுதான் அந்தக் காட்சியின் வலிமை. விளம்பர நோக்கத்தோடு தயாரிக்கப்பட்ட ஒரு படத்தில் இந்தக் காட்சி வெட்டப்படாமல் இடம்பெற்றது வியப்புக்குரியது. படத்தொகுப்பாளர்கள் இதை ஒரு நெகிழ்ச்சியான தருணமாக மட்டும் கருதிச் சேர்த்திருக்கலாம். ஆனால் 16 வயதில் குழுவில் சேர்ந்த ஒரு பிள்ளை எதை இழக்கிறான் என்பதைப் படம் முழுவதிலும் நேராகச் சொல்பவர் அந்தத் தந்தை ஒருவர்தான்.

வேறு காட்சிகளும் உண்டு. ஜெயின் தம் குடும்பத்துக்கு வாங்கிக் கொடுத்த புதிய வீட்டைக் கண்டு அவருடைய தாய் திரிஷா தொலைபேசியில் அழுகிறார். ஹாரி, புகழ் பெறுவதற்கு முன் தாம் வேலை பார்த்த ஹோம்ஸ் சாப்பல் பேக்கரிக்குத் திரும்பிச் சென்று, பழைய உடன்பணியாளர்களோடு மீண்டும் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறார். மகன் சம்பாதித்துத் தாய்க்கு வீடு வாங்கித் தருவது எந்த நாட்டுக் குடும்பத்துக்கும் இனிக்கும் செய்தி. பிராட்ஃபோர்டின் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்த ஓர் இளைஞர் இருபது வயதில் அதைச் செய்தார் என்பதைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் மனம் வராது. ஆனாலும் அந்தக் காட்சியில் தாயும் மகனும் ஒரே அறையில் இல்லை. தொலைபேசியின் இரு முனைகளில் இருக்கிறார்கள்.

படம் சொல்வதைப் போலவே, சொல்லாமல் விடுவதும் கவனிக்கத் தக்கது. மார்கன் ஸ்பர்லாக், 30 நாள் மெக்டொனால்ட்ஸ் உணவை மட்டுமே உண்டு தம் உடல்நிலை சீர்கெட்டதைப் பதிவு செய்த ‘சூப்பர் சைஸ் மீ’ என்ற 2004-ஆம் ஆண்டுப் படத்தால் அறியப்பட்டவர். பெருநிறுவனங்களைக் கேள்வி கேட்பவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. ஆனால் இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவர் சைமன் கவல். அதாவது, குழுவின் பாடல் விற்பனையில் வருமானம் காண்பவரே குழுவைப் பற்றிய படத்தையும் தயாரித்தார். இவ்வாறு, படமாக்கப்படுவோரின் ஒப்புதலோடும் அவர்களோடு தொழில் தொடர்புள்ளோரின் மேற்பார்வையோடும் எடுக்கப்படும் ஆவணப்படத்தை அங்கீகரிக்கப்பட்ட ஆவணப்படம் என்பர். அதில் வருபவை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எவை வர வேண்டும் என்பதை முடிவு செய்பவர் யார் என்பதே அங்கே கேள்வி. எடுத்துக்காட்டாக, ஐவரின் காதல் வாழ்க்கையைப் பற்றிப் படம் பேசுவதில்லை. படம் திரைக்கு வந்த அதே ஆகஸ்ட் மாதத்தில், ஜெயினுக்கும் ‘லிட்டில் மிக்ஸ்’ குழுவின் பாடகி பெர்ரி எட்வர்ட்ஸுக்கும் திருமணம் நிச்சயமான செய்தி வெளியானது. ஒவ்வொரு ரசிகையும் தனக்கென ஓர் இடம் மிச்சமிருப்பதாக எண்ணிக்கொள்ளும் வாய்ப்பைக் காப்பதே இந்த மௌனத்தின் பயன். அந்த வாய்ப்பு டிக்கெட்டாகவும் ஆல்பமாகவும் அட்டை உருவமாகவும் விற்பனையாகிறது. தாய் ஒருவர் மகளிடம் படத்தைப் பற்றிக் கேட்கத் தக்க முதல் கேள்வி, இந்தக் காட்சியை எடுக்கும்போது அறையில் வேறு யாரெல்லாம் இருந்திருப்பார்கள் என்பதுதான். குளிர்ப்பெட்டிக்கு அருகே இருவர் விளையாட்டாகச் சண்டையிடும் ஒரு காட்சிக்குப் பின்னாலும் கேமராக்காரர், ஒலிப்பதிவாளர், மேலாளர் என்று ஒரு கூட்டமே நின்றிருக்கும் என்று விளங்கிக்கொள்ளும் பெண், படத்தின் மீதான அன்பை இழக்காமலேயே அதன் ஆக்கத்தையும் அறிந்துகொள்கிறாள்.

உழைப்பின் அளவையும் படம் மேலோட்டமாகவே தொட்டுச் செல்கிறது. குழு 2011 முதல் 2015 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து ஆல்பங்களை வெளியிட்டது. அதே காலத்தில் உலகச் சுற்றுப்பயணங்களும் நின்றபாடில்லை. 2013 பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்த ஒரே பயணத்தில் அவர்கள் 120-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் பாடினர். அடுத்த ஆல்பத்துக்கான குரல் பதிவுகள், பயணத்தை நிறுத்தாமல், விடுதி அறைகளிலேயே செய்யப்பட்டன. திரையில் இது இளமையின் உற்சாகமாகத் தெரிகிறது; இருபது வயதுப் பிள்ளை எப்போது தூங்கினான், என்ன சாப்பிட்டான் என்று எண்ணிப் பார்ப்பவர் பெற்றோர் மட்டுமே.

அந்த எண்ணம் வீணானது அன்று என்பது பின்னர் தெரியவந்தது. ஜெயின் 2015 மார்ச் 25-ஆம் நாள் குழுவை விட்டு விலகினார். 2016-இல் வெளியிட்ட தம் நூலில், குழுவில் இருந்த காலத்தில் உணவைத் தவிர்த்து உடல் மெலியச் செய்யும் உண்ணுதல் கோளாறோடும் மனப்பதற்றத்தோடும் தாம் போராடியதை வெளிப்படையாக எழுதினார். 2015 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்த மற்ற நால்வரும் 2016 தொடக்கத்தில் பிரிந்தனர். லியாம் பின்னாளில் அளித்த நேர்காணல்களில், ரசிகர் கூட்டத்தின் நெரிசலுக்கு அஞ்சி நிகழ்ச்சி முடிந்ததும் தங்களை விடுதி அறைகளில் அடைத்துவைத்ததையும், அந்த அறைகளில் இருந்த குளிர்ப்பெட்டியின் மதுவே துணையானதையும், குடிப்பழக்கம் தம்மை எவ்வளவு ஆழத்துக்கு இழுத்துச் சென்றது என்பதையும் சொன்னார். 2024 அக்டோபர் 16-ஆம் நாள், அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகர விடுதியொன்றின் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து, 31-ஆம் வயதில் அவர் இறந்தார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்டுவது பிழையாகும். எனினும் 2013-ஆம் ஆண்டுப் படத்தை இன்று மீண்டும் பார்ப்பவருக்கு, ஜெஃப் பெய்ன் பேசும் அந்தச் சில நிமிடங்கள் படத்தின் மற்ற எல்லாப் பாடல்களையும்விட உரக்கக் கேட்கும்.

குழுவினர் இளமையில் இருக்கும்போது எடுக்கப்படும் படத்துக்கும், அவர்கள் நடுவயதை எட்டியபின் எடுக்கப்படும் படத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது. 1993-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் லூ பெர்ல்மன் என்பவர் உருவாக்கிய ‘பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ்’ குழுவைப் பற்றி ஸ்டீஃபன் கைஜாக் இயக்கிய ஆவணப்படம் 2015-இல் வெளிவந்தது. அதற்குள் அதன் உறுப்பினர்கள் தாங்களே தந்தையராகும் வயதுக்கு வந்துவிட்டிருந்தனர். குரல் தளர்ச்சி, பணத் தகராறு, பழைய காயங்கள் ஆகியவற்றை அவர்களால் கேமராவின் முன் பேச முடிந்தது. பெர்ல்மனோ, பேக்ஸ்ட்ரீட் பாய்ஸும் ‘என்சிங்க்’ குழுவும் வருமானப் பங்கு கேட்டுத் தொடுத்த வழக்குகளைச் சந்தித்து, கடைசியில் ஏராளமான முதலீட்டாளர்களை ஏமாற்றிய வேறொரு பெரும் நிதி மோசடிக்காக 2008-இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2016-இல் சிறையிலேயே இறந்தார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு காலத்தில் அவரை நம்பித்தான் மகன்களை ஒப்படைத்திருந்தனர்.

இன்றைய பதின்வயதினரின் விருப்பம் பெரும்பாலும் தென் கொரியக் குழுக்களின் மீது நிலைத்திருக்கிறது. 2013 ஜூன் 13-ஆம் நாள் அறிமுகமான ஏழு பேர் கொண்ட பி.டி.எஸ். குழுவின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தைக் காட்டும் ‘பர்ன் தி ஸ்டேஜ்: தி மூவி’ 2018 நவம்பரில் உலகெங்கும் திரையிடப்பட்டது; அதைத் தொடர்ந்து 2019, 2020, 2023 ஆகிய ஆண்டுகளிலும் இக்குழுவின் படங்கள் திரையரங்குகளுக்கு வந்தன. அதே பயணத்தைப் பற்றிய யூடியூப் தொடரில், சிலி நாட்டு நிகழ்ச்சியின்போது, குழுவில் இளையவரான ஜங்குக் மேடைக்குப் பின்னால் சோர்ந்து சரிவதையும், அவருக்கு முதலுதவி செய்யப்படுவதையும் காணலாம். சோர்வை மறைக்காமல் காட்டுவதில் கொரியப் படங்கள் பிரிட்டன் படத்தைவிட ஒரு படி முன்னே நிற்கின்றன. ஆனால் அந்தச் சோர்வே ரசிகைக்காகச் செய்யப்பட்ட தியாகமாக முன்வைக்கப்படும்போது, ஓய்வு கேட்பது குற்றம் போன்ற எண்ணம் பார்ப்பவரிடமும் உருவாகக்கூடும் என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும். 2022 ஜூனில் குழுத்தலைவர் ஆர்.எம்., ஓயாமல் எதையேனும் செய்துகொண்டே இருக்கச் சொல்லும் இந்தத் தொழில்முறை ஒருவர் மனிதராக முதிர்வதற்கு நேரம் தருவதில்லை என்று தாமே கூறினார்.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கும் இது தொலைதூரச் செய்தி அன்று. சென்னையில் இயங்கும் இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் கொரிய மொழி கற்பிக்கப்படுகிறது. ஒரு பாட்டின் பொருளை அறிய விரும்பிப் புதிய மொழியையே கற்கத் துணியும் பெண்ணின் ஆர்வம் எந்தப் பெற்றோருக்கும் பெருமை தரத் தக்கது. 2024 ஜனவரியிலோ, சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த 13 வயது மாணவியர் மூவர், கையிலிருந்த சில ஆயிரம் ரூபாய்ச் சேமிப்போடு, விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிக் கொரியா சென்று பி.டி.எஸ். குழுவினரைக் காணும் எண்ணத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டனர். அந்த மாதத்தில் குழுவின் ஏழு பேருமே தம் நாட்டின் கட்டாய ராணுவக் கடமையில் இருந்தனர். அவர்களைப் பற்றிய படங்களில் மட்டும் அவர்கள் என்றும் போல் மேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தனர். அந்தச் சிறுமிகளைக் கேலி செய்த பேச்சுகள் அப்போது எழுந்தது வருத்தத்துக்கு உரியது. வழி தெரியாமல் போனது அவர்களின் பயணத் திட்டம்தானே தவிர, அன்பு கொண்டது தவறாகாது. அந்த அன்பைப் பற்றி வீட்டில் அச்சமின்றிப் பேச இடம் இருந்தால், கப்பலைப் பற்றிய கேள்வியும் முதலில் வீட்டிலேயே எழுந்திருக்கக்கூடும். திரையரங்கில் மகளோடு அமர்ந்து ஒன்றரை மணி நேரம் ஒரு படத்தைப் பொறுமையாகப் பார்க்கும் தாய், அந்தப் பேச்சைத் தொடங்குவதற்கான உரிமையை இயல்பாகவே பெறுகிறார். யாரை மிகவும் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று அவர் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் அந்த இளைஞனின் அழகைப் பற்றியதாக இருப்பதில்லை. அவன் கூச்சப்படுபவன், நண்பர்களைச் சிரிக்க வைப்பவன், தனிமையை உணர்ந்தவன் என்று மகள் சொல்லும் ஒவ்வொன்றும் அவளைப் பற்றியே ஏதோவொன்றைத் தெரிவிக்கும்.

லியாம் இறந்த சில நாள்களில், லண்டன் ஹைட் பார்க்கிலும் வேறு பல நகரங்களிலும் கூடியவர்களில் பெரும்பாலோர், 2013-இல் சிறுமிகளாக இருந்து அப்போது இருபதுகளை எட்டியிருந்த பெண்கள். மகனின் உடலைப் பெறுவதற்காக அர்ஜென்டினா சென்ற ஜெஃப் பெய்ன், விடுதியின் வாசலில் குவிந்திருந்த மலர்களையும் கடிதங்களையும் பார்த்து, அங்கே நின்றிருந்த ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். அழுததோடு ரசிகர்கள் நின்றுவிடவில்லை. இசைத்துறைக் கலைஞர்களுக்கு மனநல ஆலோசனையும் போதிய ஓய்வும் தருவதைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கோரும் விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் தொடங்கினர். பல்லாயிரம் பேர் அதில் கையெழுத்திட்டனர். இந்தக் கோரிக்கைக்கு வலுவான காரணம் உண்டு. இங்கிலாந்தில் மேடையிலும் தொலைக்காட்சியிலும் தோன்றும் சிறாருக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமமும் வேலை நேர வரம்பும் கட்டாயம். ஆனால் இந்தப் பாதுகாப்பு கட்டாயப் பள்ளி வயது முடியும்வரை, அதாவது 16 வயது நிறையும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரை மட்டுமே நீடிக்கிறது. ஒன் டைரக்ஷன் உருவான 2010 ஜூலையில், ஐவரில் இளையவரான ஹாரிகூட அந்த வரம்பைச் சில வாரங்களுக்கு முன்புதான் கடந்திருந்தார். தென் கொரியாவில் 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், 15 வயதுக்கு உட்பட்ட கலைஞர்கள் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேலும், அதற்கு மேற்பட்ட சிறார் 40 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யக் கூடாது என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவர்களைப் பணியில் ஈடுபடுத்துவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்றும் வகுத்தது. பிரிட்டனில் 16 வயதைக் கடந்த இளம் பாடகர்களுக்கும் இத்தகைய காப்பு நீள வேண்டும் என்ற பேச்சை இப்போது எடுத்திருப்பவர்களுள், அன்று முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து அந்தப் படத்தைப் பார்த்த ரசிகைகளும் இருக்கிறார்கள்.